மூன்று புடவைக் கடைகளும் ஐந்து பாக்கெட்டுகளும்

நெட்வொர்க் பார்க்கிறவர்கள் பிழைப்பு விசித்திரமானது: எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் "நீங்க எதுக்கு?" என்பார்கள், நின்றுபோனால் "நீங்க எங்கே?" என்பார்கள். இரண்டாவது கேள்வியை மதியச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு கேட்டுப் பழகிய சக ஜீவன்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். எங்கள் பாடு தெரிந்தால் அடுத்த முறை போனில் கொஞ்சம் மெதுவாகத் திட்டுவீர்கள்.

நானும் பாஸ்கரும் நடத்தும் கம்பெனியில் மொத்த ஆள்பலமே நானும் பாஸ்கரும்தான். தி.நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஆபீஸ். எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு புடவைக் கடை. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தி.நகரில் அவருக்குப் பெரிய கடை, மயிலாப்பூர் மாட வீதியில் பழைய கடை, அடையாறில் ஒரு சின்னக் கடை. எந்தப் புடவை எந்தக் கடையில் இருக்கிறது, என்ன பில் போட்டார்கள் என்ற சமாசாரமெல்லாம் மயிலாப்பூர் கடையின் மாடியில் இருக்கும் சர்வரில். மற்ற இரண்டு கடைகளும் லைன் வழியாக அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அடையாறு கடையின் குத்தகை ஆடி மாதத்தோடு முடியவிருந்தது. ஆடித் தள்ளுபடி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, கடையை வைப்பதா மூடுவதா என்று சொல்வதாக அண்ணாச்சி அறிவித்துவிட்டார். அந்தக் கடையை நடத்துவது மல்லிகா. கொட்டிவாக்கத்தில் வீடு. கூட வேலை செய்யும் பெண்களும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். மூடிவிட்டால் எல்லாரையும் தி.நகருக்கு மாற்றுவார்கள்; இரண்டு பஸ் மாறிப் போய், கூட்டம் முடிந்து, வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவார்கள் என்றார் மல்லிகா. சின்னக் கடையில் எல்லா நிறமும் இருக்காது. வந்தவர் கேட்கும் நிறம் மற்ற இரண்டு கடைகளில் இருக்கிறதா என்று திரையில் பார்த்து, சாயங்காலத்துக்குள் வரவழைத்துக் கொடுப்பதை நம்பித்தான் அவர்கள் வியாபாரம். திரை இருண்டால் வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆக, அந்தக் கடை பிழைப்பது எங்கள் கையில் இருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

லைனின் ஒவ்வொரு முனையிலும் உட்கார்ந்து தகவலுக்கு வழி காட்டும் பெட்டிதான் ரவுட்டர். இந்த ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷைகளில் ஒன்று ஓ.எஸ்.பி.எஃப். எந்த லைன் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று ஒன்றுக்கொன்று சொல்லி, எல்லாமே ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டத்தில் இருக்கும் வழியாகத் தகவலை அனுப்பும். இதற்கு ஐந்தே வகைப் பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம். இன்டர்வியூவில் இதை ஒப்பிக்காத ஆளே எங்கள் தொழிலில் கிடையாது. ஒப்பித்தபோது எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரிய வைத்தது இந்த மூன்று கடைகள்தான்.

ஹலோ

முதல் வகை ஹலோ. பத்து நொடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டருக்கு "நான் இருக்கிறேன்" என்று சொல்லும். தொடர்ந்து நான்கு ஹலோ வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இது முடிவு கட்டிவிடும். துக்கமெல்லாம் கிடையாது, உடனே வேறு வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடும்.

நாங்கள் எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்த முதல் வாரம். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அடையாறு மட்டும் செத்துப்போகும், ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே பிழைக்கும். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் அம்மாக்கள் புடவை பார்க்க வரும் நேரம் அது. மல்லிகா போனில் அழாத குறை. நானும் பாஸ்கரும் லைன்காரர்களைத் திட்டி, மின்வாரியத்தைச் சந்தேகப்பட்டு, கடைசியில் மயிலாப்பூர் மாடியில் போய் உட்கார்ந்தோம். அங்கே கணக்கு எழுதுகிறவர் வைத்தி மாமா. தெற்கு மாட வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சாப்பிட்டுவிட்டு வந்தார், நாற்காலியைச் சாய்த்தார், கைக்கெட்டும் அலமாரியில் இருந்த லைன்காரர்களின் குட்டிப் பெட்டியைத் தடவிப் பார்த்தார், சுவிட்சை அணைத்தார். அடையாறு லைன் வந்து இறங்குவது அந்தப் பெட்டியில்தான்.

நான் போட்ட கூச்சலில் மாமா பாதித் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார். "தொட்டுப் பார்த்தா ஜுரமாட்டம் கொதிக்கறது. பாவம், செத்த நாழி ஓய்வெடுக்கட்டுமேன்னு அணைப்பேன், தூங்கி எழுந்ததும் போட்டுடுவேன். அது அடையாறுக்கு ஹலோ சொல்லிண்டிருக்குன்னு நேக்கு யாரு சொன்னா?" என்றார். அந்த சுவிட்சின் மேல் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டுப் படியிறங்கும்போது பாஸ்கர் சொன்னான்: "இன்னாக்கா, பெட்டிக்கு தெனம் லீவு குடுத்துகினு கீறாரு, நம்ம ரெண்டு பேருக்கு ஒரு நாளு குடுக்கச் சொல்லேன்!"

பட்டியல்

ஹலோ சொல்லி அறிமுகமானதும் அடுத்தது பட்டியல். "எனக்குத் தெரிந்த விஷயங்களின் தலைப்புகள் இவை, உனக்குத் தெரிந்தவை என்ன?" என்று இரண்டும் மாற்றிக்கொள்ளும். விவரம் இல்லை, வெறும் தலைப்புகள்தான். கூடவே "என்னிடமிருந்து வரும் தகவல் கட்டு அதிகபட்சம் இவ்வளவு பெரிதாக இருக்கும்" என்று ஓர் அளவும் சொல்லும். எதிராளியால் அவ்வளவு பெரிய கட்டை வாங்க முடியாது என்றால், வாயைத் திறந்து சொல்லாது. பட்டியலைத் தொடாமல் சும்மா இருந்துவிடும். இது திரும்பத் திரும்ப அனுப்பும், அது திரும்பத் திரும்பச் சும்மா இருக்கும். சில சம்பந்திகள் இப்படி இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கோடை விடுமுறை நேரத்தில் லைன்காரர்கள் ஏதோ புதுக் கருவி வைத்து, கட்டின் அளவைக் குறைக்கச் சொன்னார்கள். பாஸ்கர் மயிலாப்பூர் முனையில் குறைத்தான். அடையாறு முனையை மறந்தான். ஹலோ போகிறது, ஹலோ வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அடையாறு கடையின் பின்பக்கம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். திரை இருண்டே கிடந்தது. "வந்த ரெண்டு பேர் வெறுங்கையோட போய்ட்டாங்க மேடம். இதையும் சேத்துத்தான அண்ணாச்சி பாப்பாரு?" என்றார் மல்லிகா. எனக்குச் சுருக்கென்றது.

என்னதான் கோளாறு என்று அவர் கேட்டதற்கு, மயிலாப்பூர் வாங்க முடியாத அளவுக்கு அடையாறு பெரிய கட்டாக அனுப்பப் பார்க்கிறது, இப்போது மயிலாப்பூரைப் பெரிதாக்குவதா இதைச் சின்னதாக்குவதா என்று யோசிக்கிறேன் என்றேன். அந்த நேரம் பார்த்து தி.நகர் கிடங்கிலிருந்து லோடு ஆட்டோவில் வந்த புடவை மூட்டை ஒன்று கடையின் பின்கதவில் சிக்கிக்கொண்டு, இரண்டு பெண்கள் அதை உதைத்துக்கொண்டிருந்தார்கள். மல்லிகா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல யோசிக்க இன்னா மேடம் இருக்கு? கட்டறவங்களச் சின்னதா கட்டச் சொல்லுங்க, கதவ இடிக்கச் சொல்லாதீங்க" என்றார்.

கேள்வி

பட்டியலைப் பார்த்ததும் தன்னிடம் இல்லாதது எது என்று ரவுட்டருக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் கேட்கும். இதுதான் மூன்றாவது வகை. ஊர்க்கதை பேசாது, உன் வீட்டில் என்ன சமையல் என்று விசாரிக்காது. எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பாக்கெட் இதுதான்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் மறுபடியும் அடையாறு போய்விட்டது. நான் லஸ் சிக்னலில் ஆட்டோவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர் மாடிக்குப் போன் போட்டேன். "மாமா, நம்ம பெரிய பெட்டியில மூணாவது விளக்கு எரியுதா, இல்லையா?" கேட்டது அவ்வளவுதான். மாமா ஆரம்பித்தார். காலையில் வரும்போதே படியில் லைட் எரியவில்லை. ஏ.சி.யில் தண்ணீர் சொட்டுகிறது. திரைச்சீலைக்குக் கம்பி அடிக்கத் தச்சர் வந்தார், நல்ல மனுஷர், காபி கூட வேண்டாம் என்றுவிட்டார். சுவரில் ஓட்டை போட்ட தூசி இன்னும் அடங்கவில்லை, தும்மல் நிற்கவில்லை. அவர் ஆத்தில் மாமிக்கும் தும்மல். ஏணி வைக்க இடமில்லாமல் தச்சர் நீல ஒயரை லேசாக நகர்த்தினார், அப்போது 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம்—

"மாமா! அந்த நீல ஒயர்!" என்று நான் அலறியதில் ஆட்டோக்காரர் பிரேக் போட்டுவிட்டார். நகராத வண்டிக்கு எதற்கு பிரேக் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒயரை மாமா அழுத்திச் செருகியதும் அடையாறு வந்துவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லக் கூடாதா என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். மாமா அசரவில்லை. "நீ விளக்கைத்தானேம்மா கேட்டே? அதுக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தா ஒயர் சமாசாரம் நோக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்றார்.

அப்டேட்

கேட்ட விவரத்தைக் கொண்டுவந்து கொடுப்பது நான்காவது வகை. யாரும் கேட்காவிட்டாலும், தன் பக்கம் ஏதாவது மாறினால் ரவுட்டர் தானாகவே இதை எல்லாருக்கும் அனுப்பும். அதில் "இதைச் சொல்வது இன்னார்" என்று பெயர் இருக்கும். பெயர் என்றால் ஒரு நம்பர். ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர் இருக்கக் கூடாது. இதுவும் இன்டர்வியூவில் ஒப்பிப்பதுதான்.

ஆனி மாதம் ஒரு மின்னழுத்தக் கோளாறில் அடையாறு ரவுட்டர் புகைந்துபோனது. பாஸ்கர் அவசரத்தில் தி.நகர் ரவுட்டரின் செட்டிங்ஸை அப்படியே நகலெடுத்து, முகவரிகளை எல்லாம் மாற்றி, புதுப் பெட்டியில் போட்டான். எல்லாவற்றையும் மாற்றியவன் பெயரை மாற்றவில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா? அடையாறு "நான்தான் தி.நகர், என் கடை இங்கே இருக்கிறது" என்று அப்டேட் அனுப்பும். அதைப் பார்த்துப் பதறிப்போன நிஜ தி.நகர், "யாருய்யா அது, நான்தான் தி.நகர்" என்று அதைவிடப் புதிய அப்டேட் அனுப்பும். நடுவில் இருக்கும் மயிலாப்பூர் கடைசியாகப் பேசியவரையே நம்பும். அடையாறில் திரை வரும், போகும், வரும், போகும்.

சோதனையாக, அன்றைக்கு அண்ணாச்சியே அடையாறு கடைக்கு வந்திருந்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருவர் மாம்பழ நிறத்தில் பட்டு கேட்டிருக்கிறார். திரையில் தி.நகர் கடையில் இருப்பதாகக் காட்டியது. மல்லிகா "இருக்கும்மா" என்று வாயெடுப்பதற்குள் திரை போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அண்ணாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மல்லிகா போனில் கிசுகிசுத்தார். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பாஸ்கரை நான் திட்டிய திட்டு கீழே பாத்திரக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெயரை மாற்றி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, அண்ணாச்சியிடம் நேரில் போய் நின்றேன். சாக்குச் சொல்லத் தெம்பில்லை. ஒரே பெயரை இரண்டு பெட்டிக்கு வைத்துவிட்டோம், அதனால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டன என்று உள்ளதைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவில் வரிசையாக இருக்கும் கடைகளைக் காட்டினார். "இதுக்குத்தாம்மா எங்க ஆளுக எல்லாரும் போர்டுல 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை'ன்னு கொட்டை எழுத்துல எழுதிப் போடுதாங்க. ஒங்க பெட்டில எழுத எடமில்லையோ?" என்றார்.

கிடைத்தது

ஐந்தாவது பாக்கெட் மிகவும் சின்னது. வந்த அப்டேட்டுக்கு "கிடைத்தது" என்று ஒரு பதில், அவ்வளவுதான். ஆனால் அது வராவிட்டால் அனுப்பிய ரவுட்டர் விடாது. திரும்ப அனுப்பும், மறுபடியும் அனுப்பும். ரோஷம் கிடையாது. மல்லிகாவும் அப்படித்தான். சனிக்கிழமைதோறும் விற்பனை விவரத்தை அண்ணாச்சிக்கு போனில் அனுப்பும்போது அடியில் ஒரு வரி சேர்ப்பார்: "கடை இருக்குமா அண்ணாச்சி?" படித்ததற்கான நீல டிக் விழும். பதில் வராது. அடுத்த சனிக்கிழமை மறுபடி கேட்பார்.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அடையாறிலிருந்து நேராக தி.நகருக்கு மூன்றாவதாக ஒரு லைன் போடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். ஏதாவது ஒரு லைன் போனால் இன்னொன்று கைகொடுக்கும். "மூடலாமான்னு யோசிக்கிற கடைக்கு ரெண்டாவது லைனாம்மா?" என்றார். ஒரு மாதத்துக்காவது போட்டுப் பாருங்கள் என்று நான் அரைமணி நேரம் மன்றாடினேன். ஆள் அலுத்துப்போய் ஒத்துக்கொண்டார்.

ஆடித் தள்ளுபடியின் பெரிய ஞாயிற்றுக்கிழமை. நானும் பாஸ்கரும் காலையிலிருந்தே தி.நகர் கடையில்தான் காவல். தி.நகரில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அப்படி ஒரு கூட்டம். பில் போடும் இடத்தில் வரிசை மாடிப்படி வரைக்கும் நிற்கிறது. இரண்டு தெரு தள்ளி வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டிய இயந்திரம் எங்கள் தி.நகர்–மயிலாப்பூர் கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது. எல்லாப் பில் திரைகளும் ஒரே சமயத்தில் உறைந்துபோயின. அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து என்னைப் பார்த்து "ஏம்மா உமா! என்னாச்சு?" என்று போட்ட சத்தத்தில் வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லேப்டாப்பில் மயிலாப்பூரின் ஹலோ வரவில்லை. ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. தி.நகர் மயிலாப்பூரைக் கைவிட்டது, அப்டேட் பறந்தது, அடையாறு "கிடைத்தது" என்றது, திரைகள் உயிர் பெற்றன. பில் மிஷின்கள் மறுபடி கடகடவென்று ஓடிய சத்தம் கேட்டதும் நானும் பாஸ்கரும் நடுக்கடையில் கை தட்டிக்கொண்டோம்.

"எப்படிம்மா வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி. "அடையாறு வழியா அண்ணாச்சி. இப்ப இந்தக் கடையில போடற ஒவ்வொரு பில்லும் அடையாறு கடைக்குப் போய்த்தான் மயிலாப்பூர் போகுது." அவர் மோவாயைத் தடவினார். வியாபாரி மூளை. "அப்ப கடைய மூடிட்டு அந்தப் பெட்டிய மட்டும் வச்சுக்கிட்டா?" என்றார். பாஸ்கர்தான் சிரித்துக்கொண்டே, பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆளுக்கு இடம் வேண்டும், அதற்குக் குத்தகை வேண்டும், அப்புறம் நாலு புடவை வைத்து விற்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சாயங்காலம் டிரைவரைக் கூப்பிட்டு அடையாறு போகச் சொன்னார். லைனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நானும் காரில் தொற்றிக்கொண்டேன். லைனுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடையாறு கடையில் உட்கார இடமில்லை. அண்ணாச்சி ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மல்லிகாவுக்கு அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் கை நிற்கவில்லை. ஒருத்தர் கிளிப்பச்சை கேட்டார். திரையில் பார்த்து, மயிலாப்பூரில் இருக்கிறது, எட்டு மணிக்குள் வீட்டுக்கே வந்துவிடும் என்று சொல்லிப் பில் போட்டார். அடுத்தவர், அதற்கடுத்தவர். யாரும் வெறுங்கையோடு எழுந்து போகவில்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மல்லிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தயங்கி நின்றார். இந்தத் தடவை அவர் கேட்கக்கூட இல்லை. அண்ணாச்சி தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "நீ வாராவாரம் கேட்டது வந்து சேந்துச்சு, மல்லிகா. கடை இருக்கும், நாளைக்குக் கையெழுத்துப் போடுதேன். போ, அந்த அம்மா எவ்வளவு நேரமா நிக்காங்க பாரு" என்றார்.

மல்லிகா புடவை மடிக்கும் சாக்கில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதையும், நான் லைனைச் சோதிக்கும் சாக்கில் அதையே செய்ததையும் யோசித்துப் பார்த்தால், ரவுட்டர்களைப் பேசவைக்க ஐந்து வகைப் பாக்கெட் போதும், ஒரு முதலாளியைப் பேசவைக்கத்தான் நல்ல கேபிள் ஒன்று அறுபட வேண்டியிருக்கிறது.